கடன் கொப்பியும் கறுப்புத் திரையும்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் அப்பா சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை பைதான் என்ற கணினி மொழி படிக்கிறேன். கடையின் கடன் கணக்குக்கு ஒரு சிறு நிரல் எழுதினேன். பழைய கடன் 1200, இன்றைக்கு 350 என்று கொடுத்தால் மொத்தம் 1200350 என்கிறது. கட்டளையை அடித்தே வேலை வாங்குகிற இந்தக் கறுப்புத் திரையை யார் பாவிக்கப் போகிறார்கள், நேரே போன் செயலி செய்யலாமே என்று தம்பி சிரிக்கிறான். தவறான இடத்தில் தொடங்கிவிட்டேனா?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

பன்னிரண்டு இலட்சம் ரூபாய்க்குக் கடன் கொடுக்கிற கடையென்றால் அப்பாவுக்கு என் வணக்கம்!

கணினி பிழை விடவில்லை. விசைப்பலகையில் நீங்கள் அடிப்பது இலக்கமானாலும் பைதானின் 'இன்புட்' அதை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும். வாங்கியதை 'இன்ட்' கொண்டு எண்ணாக்குங்கள், 1550 வரும். சதமும் வேண்டும் என்று, புள்ளி வைத்த எண்களுக்கான 'ஃப்ளோட்' பக்கம் போகவேண்டாம். அங்கே 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். கடைக்கு முழு ரூபாய் போதும்.

தம்பிக்கு ஒரு பதில். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்க உலகெங்கும் நிரலாளர்கள் அன்றாடம் தொடுகிற 'கிட்' என்ற கருவி, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது, கறுப்புத் திரையில் அடிக்கும் கட்டளைகளாகவே பிறந்தது. பொத்தானும் நிறமும் இல்லாததால் கணக்கு மட்டுமே கண்ணில் படும். தொடங்குகிறவருக்கு அது பெரிய உதவி.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் தேடிக் காணாதது வேறொன்று. அப்பாவின் கடன் கொப்பியில் என்ன இருக்கிறது? நிரலை மூடிவைத்துவிட்டு ஒரு பின்னேரம் அதோடு உட்காருங்கள். மூதூரில் கடை நடத்திய என் மாமாவின் கொப்பியில் பெயர்களே குறைவு. 'வெள்ளைச் சைக்கிள்', 'டீச்சரின் தங்கை' என்றுதான் இருக்கும். முழுக்கோடு கிழித்தால் கடன் தீர்ந்தது. பாதிக்கோடு என்றால் கொஞ்சம் கட்டியிருக்கிறார். வாடைக் காற்றில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் மீனவர்களின் பக்கங்கள் நீண்டுகொண்டே போகும். மாமா அவற்றைக் கூட்டவே மாட்டார், கடல் திறக்கட்டும் என்பார். முப்பது நாள் கடந்த கடனையெல்லாம் நட்சத்திரக் குறியிட்டுக் காட்டுகிற நிரலை அவரிடம் கொடுத்திருந்தால், கணினியைத் தூக்கி முற்றத்தில் வைத்திருப்பார். பாதிக்கோட்டை நிரலில் எப்படி எழுதுவது? ஒரே தொகையை மாற்றி மாற்றி எழுதாமல், எடுத்ததை ஒரு வரி, கட்டியதை ஒரு வரி என்று சேர்த்துக்கொண்டே போய், கேட்கும்போது கூட்டுவதுதான் வழி. ஆறு மாதம் காணொளி பார்த்தாலும் இது பிடிபடாது, கொப்பி காட்டிவிடும்.

அந்த வரிகளைச் சாதாரண உரைக் கோப்பில் வையுங்கள். இங்கே நானே பட்ட அடி ஒன்று. கோப்பைத் திறக்கும்போது ஆங்கில எழுத்து 'ஏ' என்று கொடுத்தால் கடைசியில் சேர்க்கும். 'டபிள்யூ' என்று கொடுத்தால், எதையும் எழுதுவதற்கு முன்பே, இருப்பதை வழித்துத் துடைத்துவிடும். ஒரு வருட வீட்டுச் செலவுக் கணக்கு அப்படித்தான் போனது, மீட்க நகலும் இல்லை. மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். திறக்கும்போது, தமிழ் எழுத்தையும் சேமிக்கத் தெரிந்த குறியீட்டு முறையான 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிட மறக்கவேண்டாம். விண்டோஸின் கறுப்புத் திரையில் கொம்பும் காலும் பிரிந்து தெரியலாம். அதே கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், எழுத்து சரியாக இருந்தால் பயமில்லை. பெயர்களை நேராக அடுக்க முயன்றால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. 'மீன்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதான் 4 என்னும். ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது, அதனால் வரிசை கோணிப்போகும்.

போன் செயலி பிறகு வரட்டும். கூட்டும் பகுதியையும் திரையில் காட்டும் பகுதியையும் இப்போதே தனித்தனிச் செயற்கூறாக எழுதிவைத்தால், அன்றைக்கு முதலாவதை அதிகம் மாற்றவேண்டியிருக்காது.

ஒரு மாதம் கொப்பியும் நிரலும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அப்பாவிடம் சண்டைக்குப் போகுமுன் உங்கள் நிரலைப் பாருங்கள்.