அகேட் கல்லுக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் எப்படி உருவாகின்றன?

பெரும்பாலான அகேட்டுகள் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில்தான் உருவாகின்றன. குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் வெற்றுக் குழிகளாக நின்றுவிடும். அப்புறம், சிலிக்கா எனும் கனிமப் பொருள் (மணலில் இருப்பதுதான்) கரைந்த நீர் பாறைக்குள் ஊறி அந்தக் குழிகளை அடைகிறது. சிலிக்கா சுவரில் படிந்து, கால்சிடோனி எனும் நுண்ணிழைக் குவார்ட்ஸாகிறது; குவார்ட்ஸ் என்பது சிலிக்காவின் படிக வடிவம். அடுக்கின் மேல் அடுக்காக, வெளியிலிருந்து உள்நோக்கி. கோடுகள் பெரும்பாலும் குழியின் வடிவத்தையே பின்பற்றுவது இதனால்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுவே. சிவப்பும் பழுப்பும் இரும்பு ஆக்சைடின் வேலை. நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே பெரிய குவார்ட்ஸ் படிகங்கள் வளரலாம். சுற்றியுள்ள பசால்ட் எனும் எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்துவிடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை கடினமுள்ள அகேட் தாக்குப்பிடித்து ஆற்றுப்படுகைக்கு வந்து சேரும். பளீரென்ற நீலம், இளஞ்சிவப்பு நிற அகேட்டுகள் பெரும்பாலும் சாயம் ஏற்றப்பட்டவை.