வயதான பெண்களுக்குக் குட்டை முடி: கேள்வியும் பதிலும்

சென்னையில் பல வருஷமாகப் பெண்களுக்கு முடி வெட்டுகிறேன். என் நாற்காலியில் வந்து உட்காரும் 55, 60, 70 வயது அம்மாக்கள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் ஒரு கட்டிங் நன்றாக இருக்கிறதா என்பதைப் பார்லரிலிருந்து வெளியே வரும்போது சொல்ல முடியாது. மறுநாள் வீட்டில் தலைக்குக் குளித்து, துவட்டி, சீப்பால் நாலு இழுப்பு இழுத்ததும் முடி தானாகப் படிய வேண்டும். படிந்தால்தான் அது நல்ல கட்டிங். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துச் சொன்னவைதான்.

திருச்சி, 62 வயது: ஒரு காலத்தில் கைக்கு அடங்காத பின்னல் மேடம். இப்போது எலிவால் ஆகிவிட்டது. வட்ட முகம், தாடைக்குக் கீழே சதையும் இருக்கிறது. பாப் கட் வெட்டினால் முகம் இன்னும் பெரிதாகத் தெரியுமா?

பாப் என்பது தாடைக்கும் தோளுக்கும் நடுவில் முடியும் குட்டை கட்டிங். முகம் எப்படித் தெரியும் என்பது அது எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்தது. தாடைக்கு நேராக முடிந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும். தாடையிலிருந்து இரண்டு விரல் கீழே இறக்கி, முன்பக்கம் சற்று நீளமாகவும் பின்பக்கம் சற்று ஏறியும் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். நேர் வகிடு வேண்டாம், கோண வகிடு எடுங்கள். உச்சி கொஞ்சம் தூக்கி நிற்கும், முகமும் நீண்டு தெரியும்.

மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கும் முடி கொட்டுவதோடு, இருக்கிற இழையும் மெலியும். மெலிந்த முடியை நீளமாக விட்டால் அதன் கனமே உச்சியைப் படிய வைத்துவிடும். குட்டையாக்கியதும் அடர்த்தி கூடியதுபோலத் தெரிவது அதனால்தான். ஆனால் நுனி ஒரே கோடாக இருக்க வேண்டும். லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காக வெவ்வேறு நீளத்தில் வெட்டினாலோ, பல் வைத்த கத்தரியால் நுனியைக் குறைத்தாலோ, இருப்பதும் போய்விடும். அந்தக் கத்தரியை எடுத்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேற்கு மாம்பலம், 67 வயது: வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே எழும்புவதில்லை. மருமகள்தான் தினமும் பின்னிவிடுகிறாள். காலையில் அவளுக்கே ஆபீஸ் அவசரம். ஒரு கையால் நானே வாரிக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

அம்மா, உங்களுக்கு பாய் கட்தான். பார்லரில் இதையே பிக்ஸி என்பார்கள். தோள் இறுக்கம் இந்த வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நிறைய வருகிறது. குணமாகப் பல மாதம் ஆகலாம். அதுவரை தலைமுடிக்காக இன்னொருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பாய் கட் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். மிஷின் போட்டுப் பிடரியை ஒட்ட வழித்தால் முகம் கடுமையாகத் தெரியும். கத்தரியாலேயே வெட்டச் சொல்லுங்கள். பிடரியில் முடி மெத்தென்று படிந்திருக்க வேண்டும். காதின் மேல் பாதியை மூடி, கன்னத்துப் பக்கம் கொஞ்சம் இழை விட வேண்டும். உச்சியில் மூன்று அங்குலம். முன் முடி புருவத்தைத் தொடும் அளவுக்கு நீளமாக இருந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். நெற்றிச் சுருக்கமும் அதில் பாதி மறைந்துவிடும்.

வெட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுழியை. சுழி இருக்கும் இடத்தில் ரொம்பக் குட்டையாக வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும், என்ன வாரினாலும் படியாது. அங்கே நீளம் விட்டு, சுழி சுற்றும் திசையிலேயே முடி விழும்படி வெட்ட வேண்டும். இரட்டைச் சுழி என்றால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பிடரியில் முடி மேல்நோக்கி வளரும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு விரல் நீளம் கூடுதலாக விட வேண்டும்.

1960களில் லண்டனில் விடால் சசூன் என்ற முடி வெட்டும் கலைஞர் இந்தத் தொழிலையே மாற்றியது இப்படித்தான். அதற்கு முன் பெண்கள் வாராவாரம் சலூனுக்குப் போய் ரோலர் சுற்றி, ஸ்ப்ரே அடித்து, தலையைக் கலைக்காமல் வைத்திருப்பார்கள். முடி வளரும் போக்கைப் பார்த்து வெட்டினால், கழுவி உதறியதும் அதுவே தன் வடிவத்துக்கு வந்துவிடும் என்று அவர் காட்டினார். கையைத் தூக்க முடியாத உங்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

இன்னொன்று. பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்து பேசினில் வைத்துக் கழுவுவார்கள். வயதானவர்கள் கழுத்தை அப்படி வெகுநேரம் வளைத்து வைப்பது நல்லதல்ல. கழுத்து ரத்தக்குழாய் அழுந்தி மூளைக்கு ரத்தம் குறைந்து பக்கவாதம் வந்ததாக 1993இலேயே ஒரு அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. அரிதுதான், ஆனாலும் அந்த அபாயம் நமக்கு எதற்கு? வீட்டில் தலை குளித்துவிட்டுப் போங்கள். அங்கே தண்ணீர் தெளித்து வெட்டினால் போதும்.

கோயம்புத்தூர், 58 வயது: எனக்குச் சுருட்டை முடி. குட்டையாக வெட்டினால் பம்மென்று நிற்குமே?

ஒரே நீளத்தில் வெட்டினால் நிற்கும். மேலே ஒட்டி, கீழே விரிந்து முக்கோணமாகிவிடும். சுருட்டைக்கு லேயர் அவசியம். முதல் பதிலில் லேயர் வேண்டாம் என்றது மெலிந்த நேர்முடிக்கு. சுருட்டையைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் தோள் வரை தெரிவது காய்ந்ததும் காதுக்கு ஏறிவிடும். வெட்டிய பிறகு, ஈரமாக இருக்கும்போது மட்டும் பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்கள். காய்ந்தபின் சீப்பே வேண்டாம், விரல் போதும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல், பழைய காட்டன் துணியால் ஒற்றியெடுங்கள்.

நாகர்கோவில், 60 வயது: உச்சியில் தோல் தெரிகிறது. வெட்டினால் மறையுமா?

ஓரளவு மறையும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வகிடு எடுத்திருப்பீர்கள். அதை ஒரு விரல் தள்ளி எடுத்தாலே வித்தியாசம் தெரியும். உச்சியில் மூன்று, நான்கு அங்குலம் வைத்து, பக்கவாட்டில் குறைத்து வெட்டினால் மேல்முடி வகிட்டின் மேல் விழுந்து மூடும்.

ஆனால் கத்தரி செய்வது அவ்வளவுதான். காய்ச்சலோ ஆபரேஷனோ ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது பெரும்பாலும் தானே நின்றுவிடும். காரணமே தெரியாமல் கொட்டினால் தைராய்டும் இரும்புச் சத்தும் பரிசோதித்துவிடுங்கள். முன் நெற்றி முடி பின்னால் ஏறிக்கொண்டே போய், கூடவே புருவமும் உதிர்ந்தால், பார்லருக்கு வராமல் முதலில் தோல் டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் ஒரு வகை அது. வேர் தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப வராது.

ஒரு மகள், பெங்களூரு: அம்மாவுக்கு 74 வயது. முடி பராமரிக்க முடியாமல் கஷ்டப்படுகிறார். ஆனால் வெட்டலாம் என்றாலே அழுகிறார். அவருடைய பாட்டிக்குத் தாத்தா இறந்ததும் மொட்டையடித்து விட்டார்களாம். எப்படிப் பேசுவது அக்கா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். சில குடும்பங்களில் அது நடந்தது. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த குழந்தைகள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கத்தரி என்றால் தண்டனை, பறிப்பு. "இப்போதெல்லாம் ஃபேஷன்மா" என்று சொல்லி அந்தப் பயத்தைத் தாண்ட முடியாது. தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். தூங்கும்போது வெட்டிவிட்டேன் என்று சொன்ன பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய கொடுமை.

அம்மா ஒத்துக்கொண்டால் முதலில் இடுப்பு வரை இருப்பதை முதுகுப் பாதிவரை எடுங்கள், போதும். வெட்டிய முடியைப் பெருக்கித் தள்ளாமல் அவர் கையில் கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று அவரே கேட்டால், அப்போது தோள்வரை. எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் அவர்தான் விரலால் காட்ட வேண்டும். தோளோடு நிறுத்தினால் சின்னக் கொண்டை போடலாம், பூ வைக்கலாம். அவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம், அதைவிடக் குட்டையாக்க வேண்டிய அவசியமே இல்லை.

காரைக்குடி, 59 வயது: விசேஷத்துக்குக் கொண்டையும் பூவும் இல்லாமல் எப்படிப் போவது?

வெட்டும் முன் முடியைப் பின்னி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் ரப்பருக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதிலேயே சவுரி கட்டிக்கொள்ளலாம். உங்கள் முடி என்பதால் நிறம் பொருந்தும். பாப் கட் என்றால் பின்பக்கம் இரண்டு பக்க முடியையும் எடுத்து ஒரு கிளிப் போட்டு, அதன்மேல் மல்லிகையைச் சுற்றலாம். பாய் கட்டுக்குச் சரம் நிற்காது. காதோரம் ஒற்றை ரோஜாவை ஹேர்பின்னில் குத்திக்கொள்ளுங்கள், பட்டுப்புடவைக்கு அது அவ்வளவு அழகு. கழுத்து வெறுமையாகத் தெரியும் என்று கவலைப்படாதீர்கள், ஜிமிக்கியும் அட்டிகையும் குட்டை முடியில்தான் எடுப்பாகத் தெரியும்.

திண்டுக்கல், 56 வயது: பழனியில் மொட்டை போட்டு ஐந்து மாதம் ஆகிறது. இப்போது எந்த வடிவமும் இல்லாமல் இருக்கிறது. வெட்டாமல் வளர்க்கட்டுமா?

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும். ஆக உங்களுக்கு இப்போது இரண்டு அங்குலம் இருக்கும். பிடரியும் காதோரமும் முதலில் கீழே இறங்கிவிடுவதால்தான் வடிவம் கெட்டுத் தெரிகிறது. மாதம் ஒருமுறை அந்த இரண்டு இடத்தை மட்டும் திருத்துங்கள். மேலே கத்தரி படவே கூடாது. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல பிக்ஸி கிடைக்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், வேண்டுதலுக்குப் பிறகுதான் தனக்குக் குட்டை முடி பொருந்தும் என்று தெரிந்தது என்பார்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், 53 வயது: கீமோ முடிந்து முடி வருகிறது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருண்டு வருகிறது.

கீமோவுக்குப் பிறகு பலருக்கும் அப்படித்தான் வரும். நாளாக ஆகப் பெரும்பாலும் பழையபடி மாறும். ஓரங்களை மட்டும் வட்டமாகத் திருத்தினால் இப்போதே அது ஒரு ஸ்டைலாகிவிடும். டையும் ஸ்ட்ரெய்ட்டனிங்கும் உங்கள் புற்றுநோய் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். பார்லரில் திரை போட்ட தனி இடம் கேளுங்கள், கொடுப்பார்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

வேலூர், 64 வயது: டை அடிப்பதை விட்டுவிட நினைக்கிறேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக எத்தனை நாள் திரிவது?

நீளமுடி என்றால் வருஷக்கணக்காகும். பாய் கட் என்றால் டையை நிறுத்தி ஏழெட்டு மாதத்தில் கறுப்பு முழுக்க வெட்டுப்பட்டுவிடும். நரையை விட விரும்புகிறவர்கள் குட்டை முடிக்கு வருவது இதற்காகத்தான். இந்திரா காந்தியின் குட்டை முடியில் முன்பக்கம் ஓடிய அந்த வெள்ளைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதை மறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

டை அடித்தால் தலையும் நெற்றியும் அரிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அரித்தால் இன்றே நிறுத்துங்கள். கறுப்பு டைகளில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்துக்கு வரும் அலர்ஜி, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகலாம். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் அது இருக்கும். மருதாணி இலை மட்டும் என்றால் ஆரஞ்சுச் சிவப்புதான் தரும், கறுப்பு தராது.

சேலம், 61 வயது: எண்ணெய் வைக்கலாமா?

தலைக்குக் குளிப்பதற்கு முன் வையுங்கள். குளித்தபின் வைத்தால் குட்டை முடி மண்டையோடு ஒட்டி, உச்சி சோகையாகத் தெரியும்.

தாம்பரம், 57 வயது: முதல் தடவை வெட்டிக்கொள்ளப் போகிறேன். பார்லரில் என்ன சொல்ல வேண்டும்? பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்?

இரண்டு படம் எடுத்துப் போங்கள். ஒன்று பிடித்தது, ஒன்று எந்தக் காரணத்துக்கும் வேண்டாதது. இரண்டாவதுதான் எங்களுக்கு அதிகம் உதவும். படத்தில் இருப்பவருக்கு உங்கள் வயதும் உங்கள் மாதிரி முடியும் இருக்கட்டும். இருபது வயது நடிகையின் அடர்த்தியான முடியைக் காட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்குலக் கணக்கு வேண்டாம், உங்கள் கழுத்தில் விரல் வைத்து இதுவரை என்று காட்டுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கொண்டுபோய், வெட்டும் நடுவில் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு காதோரம் முடியைத் தூக்கும், அதற்கேற்பத் திருத்த வேண்டும். காது மெஷினுக்கும் இதே கதைதான்.

வெட்டி முடித்ததும் ட்ரையர் போட்டு அழகாக்கித் தருவார்கள். அதற்கு முன்பே நிறுத்தச் சொல்லி, தலையைக் குனிந்து உதறி, விரலால் கோதி, கைக்கண்ணாடியில் பின்பக்கத்தைப் பாருங்கள். அப்போது படிந்தால் வீட்டிலும் படியும். படியாவிட்டால் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். பிக்ஸிக்கு ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பாப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். முதல் தடவை என்பதால் காலையில் போங்கள், மாலைக் கூட்டத்தில் யாருக்கும் பேசக்கூட நேரமிருக்காது.