கையில் நெகட்டிவ் ரிப்போர்ட், ஆனாலும் ஏற்றவில்லை: கோவிட் பயண விதிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கோவிட் டெஸ்ட் விதிகள் எல்லாம் எடுக்கப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவை பற்றிய கேள்விகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. டிக்கெட் பணம் போனவர்கள் கேட்கிறார்கள், வேலையே கைநழுவிப் போனவர்கள் கேட்கிறார்கள். இன்னொரு தொற்று வந்தால் மறுபடியும் இதே கதைதானா என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

2021-இல் சென்னையிலிருந்து துபாய் போக வேண்டியவன் நான். விசா இருந்தது, 48 மணி நேர ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டும் இருந்தது. அது போக துபாய் கேட்ட ரேபிட் டெஸ்ட்டுக்காக ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போதே கவுண்டரை மூடிவிட்டார்கள். ஒருவரை நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பதை இமிக்ரேஷன் அல்லவா முடிவு செய்யவேண்டும்? விமான கம்பெனிக்கு இதில் என்ன அதிகாரம்? (பெரம்பலூர் வாசகர்)

முடிவு துபாயுடையதுதான். ஆனால் அதை உங்கள் ஊரிலேயே நிறைவேற்றும் வேலை விமான கம்பெனியின் தலையில் விழுந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ ஒப்பந்தத்தின் 9-ஆம் இணைப்பு, போகும் நாட்டுக்கு வேண்டிய காகிதங்கள் பயணியிடம் இருக்கின்றனவா என்று ஏறுமுன் பார்க்கும் பொறுப்பை விமான நிறுவனத்துக்குத் தருகிறது. போன இடத்தில் உள்ளே விடாவிட்டால் அதே நிறுவனம்தான் அவரைத் திருப்பி அழைத்து வரவேண்டும். தொழிலில் இப்படிப்பட்ட பயணியை ‘இனாட்’ என்போம். கவுண்டரில் இருப்பவர் திரையில் பார்ப்பது டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பை. எந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்பது அதில் இருக்கும். கோவிடுக்கு முன் அது பெரும்பாலும் பாஸ்போர்ட், விசா சமாச்சாரம். பிறகு லேப் ரிப்போர்ட் படிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

தப்பு நடந்தால் தண்டனையும் கம்பெனிக்குத்தான். சரியான காகிதம் இல்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்தால் பிரிட்டனில் 2,000 பவுண்டு அபராதம். கானா 2021 டிசம்பரில் ஒரு பயணிக்கு 3,500 டாலர் என்று அறிவித்தது. பாசிட்டிவ் சான்றிதழ் இருந்த பயணிகளை ஏற்றிவந்ததற்காக 2020 செப்டம்பரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு 15 நாள் தடை என்று துபாய் அறிவித்தது. 2021 ஆகஸ்டில், ரேபிட் டெஸ்ட் எடுக்காதவர்களை ஏற்றிவந்ததாக இண்டிகோவின் எல்லா விமானங்களையும் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு வாரம் நிறுத்தியது. ஒரு பயணிக்காக ஒரு வார வருமானத்தைப் பணயம் வைக்க எந்த கம்பெனி துணியும்? சந்தேகம் வந்தால் ஏற்றாதே என்பதுதான் கவுண்டரில் எழுதப்படாத சட்டம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், நேரம். அந்த ரேபிட் டெஸ்ட்டை முதலில் புறப்பாட்டுக்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொன்னார்கள், ஆகஸ்டில் அது 6 மணி நேரமானது. கவுண்டரோ பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். இடைப்பட்ட நேரத்தில் முழு விமானத்துக்கும் மூக்கில் குச்சி விட்டு, மெஷினில் ஓட்டி, க்யூஆர் கோடோடு ரிப்போர்ட் அடித்துத் தரவேண்டும். வரிசை கொஞ்சம் நீண்டாலும் கடைசியில் நிற்பவர் கதை முடிந்தது. என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் மிக மோசமான விதி இதுதான். பயணி எவ்வளவு முன்கூட்டி வந்தாலும் அந்த டெஸ்ட்டை முன்கூட்டி எடுத்து வைக்க முடியாதே!

72 மணி நேரம் என்பதை எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. எது சரி? (கும்பகோணம்)

நாட்டுக்கு நாடு மாறியது, அதனால் எல்லோருமே சரியாக இருக்கலாம்! அமெரிக்காவின் விதி 2021 ஜனவரி 26-இல் வந்தது. ‘3 நாள்’ என்றுதான் அதில் இருந்தது, 72 மணி நேரம் என்று இல்லை. அதாவது திங்கள் இரவு விமானத்துக்கு வெள்ளி காலை எடுத்த டெஸ்ட்டும் செல்லும். மணிக்கணக்கு பார்த்தால் அது தாண்டிவிட்டிருக்கும். 2021 டிசம்பர் 6 முதல் அது ஒரு நாளாகச் சுருங்கியது. அமீரகம் 48 மணி நேரத்தை சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து எண்ணியது.

லேப் ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், ரிப்போர்ட் தந்த நேரம் என்று மூன்று இருக்கும். பலர் மூன்றாவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பி வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வீட்டில் எடுத்தபோது நெகட்டிவ், ஏர்போர்ட்டில் பாசிட்டிவ். எந்த டெஸ்ட் பொய்? (நாகர்கோவில்)

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதல் டெஸ்ட்டின்போது கிருமி மிகக் குறைவாக இருந்து, இரண்டு நாளில் பெருகியிருக்கும். இல்லாவிட்டால் நேர்மாறாக, எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாக இருக்கும். பிசிஆர் தேடுவது கிருமியின் மரபணுத் துணுக்கை. அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. குணமானவர்களுக்கும் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட பாசிட்டிவ் காட்டும். அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு, 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு குணமானதாக டாக்டர் கடிதம் இருந்தால் ஏற்றுக்கொண்டது. எல்லா நாடுகளிலும் அந்தச் சலுகை இல்லை.

விமான கம்பெனிகள் நஷ்டப்பட்டது தொற்றினாலா, இந்த விதிகளினாலா? (கோவை)

இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு கணக்கு யோசிக்க வைக்கிறது. விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி 2021-இல் உலக அளவில் உள்நாட்டு விமானப் பயணம் 2019-ஐவிட 28.2 சதவீதம் குறைவு. சர்வதேசப் பயணமோ 75.5 சதவீதம் குறைவு. கிருமி ஒன்றுதான், விமானமும் அதேதான். வித்தியாசம் பெரும்பாலும் எல்லையில் இருந்த தடைகளும் டெஸ்ட்டும் தனிமைப்படுத்தலும்தான். இதில் சீனா ஒரு தனிக் கதை. ஒரு விமானத்தில் வந்தவர்களில் 5 பேருக்கு பாசிட்டிவ் என்றால் அந்தத் தடத்தில் ஒரு வாரம் விமானம் கிடையாது. 10 பேர் என்றால் நான்கு வாரம். 2020 ஜூனில் தொடங்கிய முறை இது. அடுத்த மாதம் விமானம் பறக்குமா என்றே தெரியாத கம்பெனி எப்படி டிக்கெட் விற்கும்?

டெஸ்ட் செலவும் சின்னதில்லை. 2021-இல் ஐயாட்டா 16 நாடுகளில் பார்த்தபோது பிசிஆருக்கு சராசரியாகக் குறைந்தபட்ச விலையே 90 டாலர். நான்கு பேர் குடும்பம் போக வர எடுத்தால் இன்னொரு டிக்கெட் காசு ஆகிவிடும். இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 40-ஆம் பிரிவு, பயணியிடம் இதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. அந்த 16 நாடுகளில் பயணிகளின் செலவை அரசே ஏற்றது பிரான்ஸ் மட்டும்.

பாசிட்டிவ் வந்ததால் பறக்க முடியவில்லை. பணம் திரும்பக் கிடைத்திருக்க வேண்டுமா? (மதுரை)

முழுப் பணமும் கிடைத்திருக்காது. பல கம்பெனிகள் தேதி மாற்றிக் கொடுத்தன, அவ்வளவுதான். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த ரீஃபண்ட் உத்தரவு ஊரடங்கால் ரத்தான டிக்கெட்டுகளுக்கு. பயணிக்கு பாசிட்டிவ் வந்த விஷயம் அதில் சேராது. ஆனால் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டாக இருந்தாலும், திருப்பித் தரவேண்டும் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. இன்றும் அது செல்லும். கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

இவ்வளவு டெஸ்ட் எடுத்து நோய் நின்றதா, சார்? (ஈரோடு)

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போல 14 நாள் ஹோட்டலில் அடைத்து வைத்த நாடுகளில் நீண்ட நாள் தடுத்தது. டெஸ்ட்டை மட்டும் நம்பிய இடங்களில் சில நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். ஒமிக்ரானைப் பற்றி 2021 நவம்பர் 24-இல் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. டிசம்பர் 1 முதல் இந்தியா விதிகளை இறுக்கியது. மறுநாளே பெங்களூருவில் இரண்டு பேருக்கு ஒமிக்ரான் என்று அறிவிப்பு. ஒருவர் நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, இறங்கியபின் எடுத்த டெஸ்ட்டில் பாசிட்டிவ் ஆனவர். இன்னொருவர் சமீபத்தில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். அப்புறம் 2022-இல் பிரிட்டன், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஒவ்வொன்றாக விதிகளைக் கைவிட்டதில் ஆச்சரியம் இல்லை. நாம் 2022 நவம்பரில், வெளிநாட்டிலிருந்து வருவோர் ஆன்லைனில் நிரப்பிய ஏர் சுவிதா படிவத்தை நிறுத்திவிட்டு, 2023 ஜனவரி 1 முதல் சீனா உட்பட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் மறுபடி ஆர்டி-பிசிஆர் கேட்டோம். அதுவும் பிப்ரவரி நடுவில் போய்விட்டது.

அடுத்த மாதம் கென்யா போகிறேன். இப்போது ஏதாவது சான்றிதழ் வேண்டுமா? (சென்னை)

கோவிடுக்கு ஒன்றும் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டும், முக்கியமாகத் திரும்பி வரும்போது. அது இல்லாமல் வந்து இறங்கினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016 முதல் அப்படித்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், அட்டையில் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.