டாக்டர் காதில் விழுகிற மாதிரி பேசுங்கள்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து ராமநாதபுரம் கடலோரத்தில் காசநோய்ப் பணியில் சேரப்போகிறேன். நாம் சொல்வதை டாக்டர்கள் காதில் வாங்குவார்களா?

வாங்குவார்கள். ஆனால் "குடும்பச் சூழ்நிலை சரியில்லை சார்" என்று போய் நின்றால் நடக்காது. "எடை 48லிருந்து 53 ஆயிருக்கு சார், இன்னும் மூணு மாத்திரைதான் போடுறார்" என்று சொல்லிப் பாருங்கள், பேனாவை எடுப்பார். 35–49 கிலோவுக்கு தினம் மூன்று, 50–64க்கு நான்கு. சிகிச்சையில் முதல் கட்டம் 56 நாள், அடுத்த கட்டம் 112 நாள். டாக்டர்களைக் குறை சொல்வதாக யாரும் பாய வேண்டாம். ஓபி வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது எடையை யார் திரும்பப் பார்ப்பது? எடை மெஷின் உங்கள் பையில் இருக்கட்டும்.

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரை அட்டையைக் கடலில் வீசுவார்கள். அதுவே பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போய், கண்ணும் மஞ்சளாகி வாந்தியும் இருந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே கூட்டி வாருங்கள். குடிப்பழக்கத்தை நோயாளி மறைப்பார், வீட்டம்மா சொல்வார். டாக்டருக்கு அந்தத் தகவல் கட்டாயம் போக வேண்டும். படகுக்குக் கொண்டுபோகும் மாத்திரை மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும், சட்டைப் பையில் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஆள் வீட்டில்தானே இருப்பார் என்று ஆஸ்பத்திரி நினைக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது, அதனால் பாம்பன், தங்கச்சிமடத்து ஆட்களில் சிலர் கேரளப் படகுக்குக் கிளம்பிவிடுவார்கள். மார்ச் கடைசியிலேயே யார் யார் போகிறார்கள் என்று கேட்டு, நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவில் அவருக்குள்ள எண்) சீட்டில் எழுதிக் கொடுத்து, போகிற ஊருக்கே சிகிச்சையை மாற்றச் சொல்லுங்கள்.

நோயாளிக்குச் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது, 2024 நவம்பருக்கு முன் 500தான். வங்கிக் கணக்கு, ஆதார் என்று அந்த வேலை முழுக்க நம் தலையில்தான் விழும். படித்ததென்னவோ சமூகப் பணி, பார்ப்பது குமாஸ்தா வேலை. போகட்டும்.

இலங்கைக் கடற்படை பிடித்துப் போனவர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மாதம் தொடர்ந்து மாத்திரை விட்டுப்போனால் பழைய சிகிச்சையை அப்படியே தொடர முடியாது. சளியை மறுபடி பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். சிகிச்சைப் பதிவு அட்டையில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுத விடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சிறையில் இருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.