5 நிமிட நடையும் சம்பந்தி வீட்டுச் சோபாவும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டென்வரில் வேலை பார்க்கிறான். வரும் பிப்ரவரியில் நாங்கள் இரண்டு பேர், சம்பந்தி வீட்டார் இரண்டு பேர், மகன், மருமகள், பேரன், பேத்தி என்று எட்டுப் பேரும் பிரெக்கென்ரிட்ஜ் என்ற ஊருக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போவதாக ஏற்பாடு. சமையலறையோடு ஒரு காண்டோ (நாள் வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடு) பார்த்து வைத்திருக்கிறான். '8 பேர் தூங்கலாம், சறுக்குத் தளத்திலிருந்து 5 நிமிட நடை' என்று விளம்பரம். ஹோட்டல்தான் சரி என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— பெயர் போட வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: 5 நிமிட நடை! அம்மா, இந்த வார்த்தைகளை என் கண்ணில் காட்டாமல் இருந்திருக்கலாம். பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சென்னை ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிட நடை' என்று விளம்பரம். நம்பி, கத்திரி வெயிலில் நடந்தேன். நிலையத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கவே அந்த ஐந்து நிமிடம் சரியாகப் போயிற்று. சாலையைக் கடக்க இன்னொரு ஐந்து. அப்புறம் தெருமுனையில் நாய்க் கூட்டத்தோடு சமாதானப் பேச்சுவார்த்தை. வழி கேட்டு போன் செய்தால், "அங்கேயே நில்லுங்க சார், பைக் அனுப்புறோம்" என்கிறார்கள். நடக்கிற தூரத்துக்கு பைக் எதற்கு?

இதை இந்தப் பக்கத்தில் எழுதினேன். கட்டுநரிடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. நேர்கோட்டில் அளந்தால் கணக்கு சரியாக வருகிறதாம். நேர்கோட்டில் ஏரி இருக்கிறதே என்று பதில் போட்டேன். "அது இப்போதைக்குத்தான் சார்" என்று மறுபடி எழுதினார்கள். அதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. பின்னட்டை விளம்பரம் கைவிட்டுப் போனதில் எங்கள் விளம்பர மேலாளர் இன்றைக்கும் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்குகிறார்.

சரி, பனிக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையிலாவது செருப்புப் போட்டு நடக்கலாம். ஸ்கீ பூட்ஸ், அதாவது பனிச்சறுக்குக் காலணி, பாதிக் கெண்டைக்கால் வரை வரும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. கணுக்கால் மடங்காது. கால் முன்பக்கமாகச் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும். சறுக்கும்போது அதுதான் வேண்டும். நடக்கும்போது அது தண்டனை. குதிகாலை ஊன்றி, டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு, ஒரு தோளில் பலகைகள், ஒரு கையில் கோல்கள், மிச்சமிருக்கும் கையில் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்ட பேரன். தரையோ இரவில் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். விளம்பரம் எழுதியவர் கோடையில் ஷூ போட்டு நடந்து பார்த்திருப்பார். எழுதும்போது உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள், எதற்குத் தூரம் என்று கேளுங்கள். அந்த மலைகளில் பச்சை வட்டம் போட்ட தடம் புதியவர்களுக்கு, நீலச் சதுரம் ஓரளவு பழகியவர்களுக்கு, கறுப்பு வைரம் கை தேர்ந்தவர்களுக்கு. வாசலிலேயே கறுப்பு வைரம் இருந்து உங்கள் பேத்திக்கு என்ன லாபம்? குழந்தைகளின் ஸ்கீ பள்ளி எந்த அடிவாரத்தில் இருக்கிறதோ, அதற்குத்தான் கிட்டே இருக்க வேண்டும். வாசலிலிருந்தே சறுக்கிப் போய் வாசலிலேயே வந்து நிற்கும் வீடுகளும் உண்டு. வாடகையைக் கேட்டால் நாமும் சறுக்குவோம். பிரெக்கென்ரிட்ஜில் ஊருக்குள் பஸ் இலவசம். ஊரிலிருந்து அடிவாரத்துக்குக் கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியான கோண்டோலாவும் இலவசம். பஸ் நிறுத்தம் கட்டடத்து வாசலில் இருந்தால் கொஞ்சம் தள்ளியிருக்கும் காண்டோவே போதும். பலகை, பூட்ஸ் எல்லாவற்றையும் வாடகைக் கடையிலேயே இரவு விட்டுவர முடியுமா என்றும் கேட்டுவிட்டால் தோள்பட்டை பிழைக்கும்.

எட்டுப் பேரில் எத்தனை பேர் சறுக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் கணக்குப்படி நான்கு. மற்ற நான்கு பேர், அதாவது நீங்களும் சம்பந்திகளும், காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறீர்கள். காண்டோ உங்கள் நாலு பேருக்காக. மகனுக்கு இது புரிந்திருக்காது. அவன் மலையைப் பார்த்து வீடு தேடுகிறான். ஹோட்டல் அறை என்றால் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். காண்டோவில் கூடம் இருக்கும், பெரிய ஜன்னல் இருக்கும், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும், காபி போடலாம். அதனால் காண்டோவே என் கட்சி.

ஆனால் உயரத்தைக் கவனியுங்கள். தொட்டபெட்டாவில் ஏறி நின்று "அப்பாடா, மூச்சு வாங்குகிறது" என்று சொல்லிவிட்டு வேகவைத்த சோளம் சாப்பிட்டு இறங்கியிருப்பீர்கள். அது சுமார் 8,650 அடி. பிரெக்கென்ரிட்ஜ் ஊரே 9,600 அடி. நீங்கள் சறுக்காமல் போர்த்திப் படுத்தாலும் தொட்டபெட்டாவுக்கு மேலேதான் படுத்திருப்பீர்கள். முதல் இரண்டு நாள் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் மகன் வீட்டில் சில நாள் பழகிவிட்டு ஏறுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ரத்த அழுத்தம், இதய மருந்து என்று ஏதாவது இருந்தால் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். டிகாஷனுக்கு அது தாராளம். பருப்பு வேகாது. அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்க உட்கார்ந்தால் மறுநாள் ராத்திரிக்குத்தான் சாம்பார். குக்கர் கொண்டுபோங்கள். அடுப்பு இண்டக்‌ஷனா, சாதாரண மின் அடுப்பா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. பல காண்டோக்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் மின்விசிறி புகையை வெளியே அனுப்பாமல் சுற்றிச் சுற்றி உள்ளேயே விடும். கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று ஒட்டியிருக்கும். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டீர்களானால் அது ஊரைக் கூட்டும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். பிப்ரவரிக் குளிர் உள்ளே வரும், வரட்டும்.

அடுத்தது, '8 பேர் தூங்கலாம்'. இங்கே 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு வீட்டைக் கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் நாம் புழங்கும் பரப்பு, சொல்லித்தான் விற்க வேண்டும். மாடிப்படியையும் வராந்தாவையும் நம் தலையில் கட்டிய காலம் போயிற்று. ஆனால் சோபாவைப் படுக்கையறைக் கணக்கில் எழுதுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு படுக்கையறையில் நான்கு பேர், அடுக்குக் கட்டிலில் குழந்தைகள் இரண்டு பேர், கூடத்துச் சோபாவை இழுத்து விரித்தால் இரண்டு பேர். ஆக எட்டு. அந்தச் சோபாவின் நடுவே, சரியாக இடுப்புக்கு நேராக, ஓர் இரும்புக் கம்பி போகும். அதில் யார் படுப்பது? தப்பித் தவறி சம்பந்தியைப் படுக்க வைத்துவிடாதீர்கள். கல்யாணத்தில் ஏசி அறை தரவில்லை என்ற பேச்சு இன்னும் ஓய்ந்திருக்காது. அதோடு இந்தக் கம்பியும் சேர்ந்துகொண்டால் பேத்தி கல்யாணம் வரை வரும். மகனும் மருமகளும் சோபாவில் படுக்கட்டும். பனியில் விழுந்து எழும் உடம்புக்குக் கம்பி ஒன்றும் பெரிதில்லை. சோபாவை விரித்த நிலையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படுக்கையறையைவிடக் குளியலறை எத்தனை என்பது முக்கியம். எட்டுப் பேருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்.

முன்பெல்லாம் வாடகை என்று போட்டிருந்தது பாதி விலைதான். துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் 2025 வரை கடைசித் திரையில்தான் வந்தன. வரி இப்போதும் கடைசியில் வரலாம். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் விலையும் கூட்டமும் எகிறும். ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

உங்கள் கணவர் ஹோட்டல் என்று அடம் பிடிக்கும் காரணமும் எனக்குப் புரிகிறது. காண்டோவில் எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது என்று யோசித்திருக்கிறார். டிஷ்வாஷர் இருக்கிறதா என்று மகனிடம் கேட்டுச் சொல்லுங்கள், வழிக்கு வந்துவிடுவார்.