கிளட்சுக்காக வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்

வணக்கம்ங்க அண்ணா. 2011 ஸ்விஃப்ட் டீசல், கிளட்சும் சஸ்பென்ஷனும் சேர்த்து 40,000 ரூபாய் செலவு, ஆர்.சி.யும் 15 வருடம் முடியப்போகிறது, பையன் புதுசு எடுக்கச் சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ரிப்பேர் பார்த்து இந்த வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு அடிக்கடி போகிறீர்கள். வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால் புது வண்டிக் கிளட்சும் தேயத்தான் செய்யும்.

இன்ஜினை மட்டும் நீங்களே பாருங்கள். வண்டி நிற்க, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆயில் தெறிக்கும். லேசான ஆவி பரவாயில்லை. புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அப்போது பேச்சே வேறு. அப்புறம் காலடிக் கம்பளத்தைத் தூக்கித் துரு இருக்கிறதா பாருங்கள். இந்த 1.3 லிட்டர் இன்ஜின் ஃபியட்டுடையது, டாடா விஸ்டாவிலும் வந்தது. பாகத்துக்குப் பெரிதாக அலைய வேண்டியிருக்காது.

ஆர்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டினால் இன்னும் 5 வருடம். பழைய டீசல் வண்டிகளுக்கான டெல்லிக் கட்டுப்பாடு இங்கே இல்லை.

8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் தவணையே மாதம் சுமார் 12,870 ரூபாய். ரிப்பேர் செலவு சுமார் மூணு மாதத் தவணைதான்.

ஆனால் ஏர்பேக் இல்லாத மாடலில் குழந்தைகளை மலைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், பையன் சொல்வதுதான் சரி. எந்த மாடல் என்று எழுதுங்க.