கோச்சிப் பிரியர்கள் கூடினால் என்ன லாபம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலைந்து பேர் மொடல் ரயில் செய்கிறோம். கொழும்பில் உள்ளவர்கள், இரு பகுதியும் சேர்ந்து இரண்டு நாள் மாநாடு வைப்போம் என்கிறார்கள். எல்லாம்தான் யூடியூப்பில் கிடக்கிறதே, மண்டப வாடகையும் அலைச்சலும் தேவையா? (வாசகர், கொக்குவில்)

பதில்: தேவைதான் தம்பி. உங்கள் எஞ்சின் இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடுமா என்பதை யூடியூப் காட்டாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கம்பனிகள் தங்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சில்லும் கொளுவியும் செய்து விற்றதில், ஒருவருடைய பெட்டி மற்றவருடைய பாதையில் ஒழுங்காக ஓடாமல் பெரிய தலையிடி. 1935இல் மில்வாக்கியில் கூடிப் பேசித்தான் என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசிய மொடல் ரயில் சங்கத்தையே தொடங்கினார்கள். இன்றைக்கு ஒரு கம்பனியின் டிஜிற்றல் கட்டுப்பாட்டுப் பெட்டியால் வேறு கம்பனி எஞ்சினை ஓட்டலாம் என்றால், அந்தச் சங்கத்தின் டி.சி.சி. என்ற டிஜிற்றல் கட்டுப்பாட்டு நியமம்தான் காரணம்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கைப் பாதையின் அகலம் 1676 மி.மீ. கடையில் வாங்கும் எச்.ஓ. என்ற மொடல் அளவுத் தண்டவாளமோ 16.5 மி.மீ., 87இல் ஒரு பங்கு அளவில் அது 1435 மி.மீ. பாதைக்குத்தான் பொருந்தும். யாழ்தேவியை அதே அளவில் செய்தால் 19 மி.மீ.க்கு மேல் அகலம் வேண்டும், தண்டவாளத்தைக் கையால்தான் போடவேண்டும். இல்லாவிட்டால் 16.5ஐ வைத்துக்கொண்டு வண்டியை 100இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், கணக்குக் கிட்டத்தட்டச் சரிவரும். அதுவும் வேண்டாம் என்றால் வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் விடலாம் (எனக்கு அதிலும் ஆட்சேபணை இல்லை). ஆனால் யாழ்ப்பாணம் ஒன்று, கொழும்பு ஒன்று என்று முடிவெடுத்தால் இருக்கிற கொஞ்சப் பேரும் இரண்டாகப் பிரிந்துபோவீர்கள். ஒரே மேசையில் இருந்து முதலில் இதைத் தீருங்கள்.

அடுத்தது, பழைய விபரங்கள். 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அதற்கு முந்திய நிலையத்தைச் செய்ய ஆசைப்படுபவருக்கு வேண்டிய படம் கொழும்பில் யாருடைய அல்பத்திலாவது இருக்கலாம், சிக்னல் எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இருக்கலாம். அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், பேச்சாளராக அல்ல, பக்கத்தில் கதிரை போட்டு இருத்திக் கதைக்க.

வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வேண்டவே வேண்டாம். நீள மேசைகளைப் போட்டு ஆளுக்கொரு துண்டுப் பாதை கொண்டுவரச் சொல்லுங்கள். எச்.ஓ.வை விடச் சிறிய ‘N’ என்ற மொடல் அளவில் செய்பவர்களுக்கு டி-ட்ராக் என்ற துண்டுப் பாதை முறை வசதி, ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு அடி நீளம்தான், பையில் வைத்து ரயிலிலேயே கொண்டுவரலாம். மிஞ்சிய சாமான்களை விற்க ஒரு மேசை. வாடகையைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குப் பெரிய சுமையும் இல்லை.

கேள்வி: பத்து வயது மகனையும் கூட்டிப்போகலாமா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: தாராளமாக. பாதையில் ஓடுவது 12 வோல்ட் அளவுதான். சுவர் பிளக்கில் இருப்பது 230, அந்தப் பக்கம் மட்டும் விடாதீர்கள்.